மதியம் நிற்கும் மோட்டார்

பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் அப்பா பயிர் வைத்த நிலத்தில் இப்போது நாலு மாடி நிற்கிறது. பில்டருக்கு நிலத்தைக் கொடுத்தபோது நான் கேட்டது இரண்டுதான். கீழே எனக்கு ஒரு வீடு. மூலையில் இருக்கும் கிணற்றை மூடக் கூடாது. கோடையில் மற்ற தெருக்கள் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றபோதும் அந்தக் கிணறு வற்றியதில்லை. மாடியில் இருந்தவர்களும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்கள்.

இந்தப் பக்கம் பாதாளச் சாக்கடை வரவில்லை. அதனால் கழிவுநீரைச் சுத்தம் செய்ய கட்டடத்துக்குப் பின்னால் ஒரு தொட்டி கட்டினார்கள். ஒரு மோட்டார் இரவும் பகலும் அதற்குள் காற்றடிக்கும். அழுக்கைத் தின்னும் கிருமிகள் அந்தக் காற்றில்தான் உயிர் பிழைக்கும். தெளிந்த தண்ணீர் கிணற்றுக்குச் சற்றுத் தள்ளி ஒரு குழியில் இறங்கி மண்ணுக்குப் போகும். மாற்றி மாற்றி ஓட்ட இரண்டு மோட்டார் இருந்தன. ஒன்று உள்ளே காயில் கம்பி எரிந்து ரிப்பேருக்குப் போனது. திரும்பி வரவில்லை. எவனும் கேட்கவில்லை.

மிச்சமிருந்ததை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சாயங்காலம் வரை நிறுத்தச் சொன்னார் எங்கள் குடியிருப்பின் செயலாளர், பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கம் போர்வெல் மோட்டாரை அப்படித்தான் ஓட்டுவோம். கொஞ்ச நேரம் ஓட்டி, தொட்டுப் பார்த்து, சூடு ஆற விடுவோம். அந்தப் பழக்கத்தை இதற்கும் கொண்டு வந்தார்கள். சத்தம் இல்லாமல் தூங்கலாம் என்ற சுகம் வேறு.

கார் நிறுத்தும் இடத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தவர்களிடம் போனேன்.

"சார், அத்த நிறுத்தினா உள்ள கீறது செத்துடும். நாத்தத் தண்ணி கெணத்துக்கு வந்துடும்" என்றேன்.

"ரெஸ்ட் குடுக்கலன்னா இதுவும் எரிஞ்சிடும் சார். அப்புறம் நீங்களா வாயால ஊதுவீங்க?" என்றார் செயலாளர்.

மூன்றாம் மாடிக்காரர் சேர்ந்துகொண்டார். "எங்க வூட்ல கரண்ட் பில்லுக்குப் பயந்து எனக்கே ஃபேன் போட மாட்டேங்கறாங்க. அண்ணன் இன்னான்னா பீக்குக் காத்து வரலன்னு சண்டைக்கு வந்துகினு கீறாரு."

எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கு நானே போய் சுவிட்சைப் போட்டேன். மறுநாள் சுவிட்சுப் பெட்டியில் பூட்டு தொங்கியது.

நாற்றம் ஆரம்பித்தது. பினாயிலை வாங்கித் தொட்டியில் ஊற்றினார்கள். மிச்சம் மீதி கிருமியும் செத்தது.

மழை விட்ட பிறகு ஒரு காலையில் வாளியை இழுத்தேன். தண்ணீரில் நுரை. என் மனைவி குனிந்து முகர்ந்து பார்த்தாள்.

"தண்ணி கேனுக்குச் சொல்லிடவா?" என்றாள்.

"சொல்லு."

அவ்வளவுதான் பேசினோம். கத்தியிருக்க வேண்டும். வாளியைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனேன்.

கூட்டம் போட்டார்கள். கொசு வரும், கிணற்றை மூடிவிடலாம் என்றார்கள். "உங்க அப்பா வெட்டினது. நீங்க இன்னா சொல்றீங்க?" என்று மரியாதையாக வேறு கேட்டார்கள். மூடுங்கள் என்றேன்.

யாரோ பாத்ரூமை இடித்துக் கட்டியிருந்தார்கள். அந்த இடிபாட்டைக் கொண்டு வந்து கிணற்றில் கொட்டினார்கள். ஓடு, சிமெண்டுக் கட்டி, உடைந்த டாய்லெட் கோப்பை. கோப்பை தண்ணீரில் விழுந்த சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது. பக்கத்தில்தான் நின்றேன். ஏதாவது தோன்றும் என்று பார்த்தேன். பசிதான் எடுத்தது.

இப்போதும் மதியம் சாப்பிட்டதும் மோட்டாரை நிறுத்துகிறார்கள். சத்தம் அடங்குகிறது. நானும் படுத்துத் தூங்குகிறேன்.