நிலைக்கு மஞ்சள்

சரவணம்பட்டிக்குப் பின்னால் நான் கட்டிய வீட்டுக்கு வாசல் நிலையையும் நானே செய்தேன். புருஷனை விட்டு வந்தவள் தனியாக வீடு கட்டுவதே சொந்தக்காரர்களுக்குச் செரிக்கவில்லை. போதாக்குறைக்கு மரத்தில் குழி வெட்டும் ரவுட்டர் மிஷின் வேறு வாங்கிவிட்டேன்.

வேப்பமரம். மேல்கட்டையிலும் கீழ்ப்படியிலும் குழி; இரண்டு கால்களின் முனைகளிலும் அதில் நுழையும் நாக்கு. ஆணியே கிடையாது. ரவுட்டர் சுற்றிச் சுற்றி வெட்டுவதால் குழியின் மூலைகள் உருண்டையாகத்தான் வரும். அது தெரியாமல் நாக்கைச் சதுரமாக அறுத்துவிட்டு, நுழையாமல் முழித்தேன். பார்க்க வந்த பெரியப்பா, "மிசினு வாங்குனா ஆசாரி ஆயிர முடியுமா கண்ணு?" என்று சிரித்தார்.

ஆனேன். நாக்கின் மூலைகளை அரத்தால் ராவி உருட்டினேன். கையால் ராவியதால் அந்தந்தக் குழிக்கு அதனதன் நாக்குத்தான். மாற்றிப் போட்டால் ஏறாது. அதனால் பென்சிலால் குறி போட்டு வைத்தேன்.

நிலை வைப்பதற்கு முந்தின நாள் பெரியப்பா மறுபடி வந்தார். பேச்சில் தேன் ஒழுகியது.

"நிலைக்கு மஞ்சப் பூச சுமங்கலிங்க வாராங்க. நீ கொஞ்ச நேரம் பின்னால நின்னுக்கோ அம்மணி. ஊட்டுக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என் வீடு, என் நிலை, நான் தொடக்கூடாதா?

"சரிங்க பெரியப்பா" என்றேன். அவர் போனதும், பூட்டி வைத்திருந்த நிலையைத் தட்டிக் கழற்றினேன். பென்சில் குறிகளை உப்புத்தாளால் தேய்த்து அழித்தேன். எது எதற்கென்று எனக்கு மனப்பாடம்.

மறுநாள் விடியலில், சொன்னபடி பின்னால் நின்றேன். பெரியப்பாவும் மேஸ்திரியும் கால்களைத் திருப்பினார்கள், புரட்டினார்கள். ஒன்றும் இறங்கவில்லை. ஓங்கித் தட்டவும் பயம். நிலை வெடித்தால் அபசகுனம்.

"ஏனுங்க, நல்ல நேரம் போகுதுங்க" என்றார் மேஸ்திரி.

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். சட்டை நனைந்திருந்தது. "வா கண்ணு, வந்து மாட்டிக் குடு."

"மாட்டறேனுங்க பெரியப்பா. மொத மஞ்சளும் நாந்தான் பூசுவேன்."

அவர் வாயைத் திறக்குமுன், மஞ்சள் பூச வந்திருந்த அத்தை கிண்ணத்தைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்துவிட்டார். மரச்சுத்தியலை எடுத்துத் தட்டினேன். நாலு நாக்கும் கச்சிதமாக உட்கார்ந்தன. நிலையைத் தூக்கி நிறுத்தியதும் மஞ்சளை அள்ளி, உள்ளங்கையை மரத்தில் அழுத்திப் பதித்தேன்.

வீட்டுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. வந்தாலும் என் வீட்டுக்குத்தானே வரும்?