ஈரச் சாக்கும் இஸ்திரியும்

பால் பண்ணையில் அவளுக்குப் புட்டியக்கா என்று பேர். பிறந்த கன்றுகளுக்குப் புட்டியில் பால் புகட்டுவது அவள் வேலை. மாடுகளை அதட்டுவாள், கன்றுகளைக் கொஞ்சுவாள். "என்கிட்ட ஒரு நாளாவது இப்படிப் பேசியிருக்கியா?" என்று கேட்டுக் கேட்டு அவள் புருஷன் ஓய்ந்துவிட்டான்.

போன கோடையில் ஒரு கன்று வெயில் தாங்காமல் அவள் மடியிலேயே செத்துப்போனது. அதிலிருந்து வெயில் என்றாலே அவளுக்குப் பயம். இன்னொன்று போனால் இந்த வேலையே வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தாள். அதனால் இந்த வருஷம் கன்றுக் கொட்டகையைச் சுற்றிலும் சாக்குகளைத் தொங்கவிட்டு, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி நனைத்து வைத்தாள். அனல் காற்று நுழைய ஓர் இடுக்குக்கூட விடவில்லை. தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டாள்.

அன்று மதியம் சின்னக் கன்று புட்டியைத் தொடவில்லை. தாய் சேர்த்துக்கொள்ளாத செவலைக் குட்டி அது. வாய் திறந்திருந்தது, நாக்கு தொங்கியது, விலா படபடவென்று அடித்துக்கொண்டது. மாட்டு மருத்துவருக்குப் போன் போட்டால், தொலைவில் ஒரு பசுவின் பிரசவத்தில் இருக்கிறாராம், சாயங்காலம்தான் வர முடியுமாம். புட்டியக்கா சாக்குகளில் மேலும் மேலும் தண்ணீரை ஊற்றினாள்.

வீட்டுச் சாவியைக் கொடுக்க நாத்தனார் வந்தது அப்போதுதான். சலவைக் கூடத்தில் துணி தேய்ப்பவள். வீட்டில் எல்லோரும் இஸ்திரி என்றே கூப்பிடுவார்கள். இருவருக்கும் ஏழாம் பொருத்தம். சாக்கை விலக்கித் தலையை நீட்டியவள் அப்படியே பின்வாங்கினாள்.

"அண்ணி, கன்னுக்குட்டிய வளக்குறீங்களா, அவிக்கிறீங்களா?"

"உன் நக்கலுக்கு இதான் நேரமா?"

"நக்கல் இல்ல அண்ணி. எங்க ரூம்ல நீராவி கெளம்பும்போது ஜன்னல மூடினா ஆளு சுருண்டு விழுந்துடும். ஈரம் மட்டும் இருந்தா ஆச்சா, காத்து வேணாமா? மொதல்ல இதப் பிச்சுப் போடுங்க!"

பதிலுக்குப் பதில் சொல்லப் புட்டியக்காவின் வாய் துறுதுறுத்தது. ஆனால் தொங்கும் நாக்கைப் பார்த்ததும் கை முந்திக்கொண்டது. இருவரும் சேர்ந்து சாக்குகளை இழுத்து எறிந்தார்கள். கன்றின் உடம்பை நனைத்துவிட்டு, இஸ்திரி தீவனத் தட்டால் கை வலிக்க வலிக்க விசிறினாள். வேலைக்குத் திரும்ப நேரமாகியும் அவள் நகரவில்லை.

மெல்ல மெல்ல மூச்சு அடங்கியது. கன்று வாளிக்குள் மூக்கை விட்டு, உறிஞ்சி உறிஞ்சித் தண்ணீர் குடித்தது. புட்டியக்கா நாத்தனாரின் தோளில் முகம் புதைத்து அழுதாள்.

"விடுங்க அண்ணி, இப்பதான் தேச்ச சட்டை," என்றாள் இஸ்திரி. ஆனால் விலகவில்லை.

மருத்துவர் வந்து பார்த்து, மேலே நிழல் இருந்தால் போதும், பக்கங்களைத் திறந்தே வையுங்கள் என்று சொல்லிப் போனார்.

மழை தொடங்கிய பிறகு ஒரு நாள் இஸ்திரி பண்ணைக்கு வந்தாள். உள்ளேயிருந்து "இஸ்திரி, வாடி தங்கம்!" என்று குரல் கேட்டது. அண்ணி தன்னைத் தங்கம் என்கிறாளா என்று திகைத்து நிற்கையில், செவலைக் குட்டி அவளை இடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தோடியது.

"மாட்டுக்கு என் பேரா வச்சீங்க?"

புட்டியக்கா புட்டியைச் சாய்த்துப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தாள்.

"பின்ன? உன் புண்ணியத்துலதான இது உசுரோட நிக்குது. வேற யார் பேர வைக்கச் சொல்ற?"