ஹலீமா பீவி இழுத்த செம்புக் கோடுகள்

தேங்காப்பட்டணத்தில் நிக்காஹ் நாள் குறித்தால், சோறாக்கும் பண்டாரிக்குச் சொல்வதற்கு முன்பே ஹலீமா பீவியிடம் ஆள் அனுப்பிவிடுவார்கள். சக்கை என்று அங்கே சொல்லும் பலாப்பழத்துப் பசையைக் கரண்டியில் இளக்கி, ஈர்க்கில் நுனியால் தொட்டு, மணப்பெண்ணின் உள்ளங்கையில் கொடியும் பூவுமாக இழுப்பாள். அதன் மேல் மைலாஞ்சியை, அரைத்த மருதாணியை, அப்பி, காய்ந்த பிறகு பசையை உரித்தால் சிவந்த கையில் வெள்ளைக் கொடி படர்ந்திருக்கும். ஒரு கோடு பிசிறாது. செய்யது அலியின் பெண்டாட்டி என்று சொல்லாமல் அவள் பேரையே சொல்லி வாசலில் ஆள் நின்றது அந்த ஒரு வேலைக்குத்தான்.

செய்யது அலி கொழும்பில் ரேடியோக் கடையொன்றில் ஏழு வருஷம் இருந்துவிட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் ஊர் திரும்பியவன். கம்பியே இல்லாமல், பலகையில் ஒட்டிய செம்புக் கோடுகளால் ரேடியோவின் பாகங்களை இணைக்கலாம் என்று ஏதோ இங்கிலீஷ் பத்திரிகையில் படம் பார்த்துவிட்டான். அப்புறம் வீட்டில் வேறு பேச்சில்லை. கோட்டாற்றுப் பாத்திரக் கடையில் கழித்துப் போட்ட செம்பை அடித்து மெலிதாக்கி, பேக்கலைட் பலகையில் அரக்கால் ஒட்டினான். வேண்டிய கோடுகளை எதையாவது பூசி மறைத்துவிட்டு, மிச்சச் செம்பைத் தட்டாரிடம் வாங்கிய திராவகத்தில் கரைக்க வேண்டும். பெயின்ட் உரிந்தது. மெழுகு வெடித்தது.

“ஏட்டி, ஒனக்க சக்கப் பசைய இதுல இழுத்துப் பாரேன்.”

“இது என்ன, புதுப்பொண்ணா?”

“பொண்ணுதான். ஆனா ஒரு கோடு இன்னொரு கோட்டத் தொடப்பிடாது. தொட்டா பெட்டி வாயத் தொறக்காது.”

அவன் வரைந்திருந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “இஞ்சோடி போனா இடிக்கும். இப்பிடிச் சுத்தி வந்தா என்ன?”

கோட்டைச் சுற்றித்தான் கொண்டு வந்தாள். பசை திராவகத்தில் உரியவில்லை. பெட்டி கொழும்பு ஸ்டேஷனை எடுத்துப் பாடியது.

நாகர்கோவிலில் ரேடியோக் கடை வைத்திருந்த பகவதியப்பன் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “கொள்ளாமே, யாருக்க வேல?” என்று மெச்சிக் கேட்டாராம். “எனக்க வேலதான்” என்றானாம் இவன். வீட்டுக்கு வந்து அதை அப்படியே அவளிடம் சொன்னான். சொன்னதில் குறை ஒன்றும் அவனுக்குத் தோன்றவில்லை. பகவதியப்பனுக்குப் பத்து நாளில் பன்னிரண்டு பலகை வேண்டுமாம்.

“கதீஜா மாமிக்க மொவளுக்கு வெள்ளிக்கிழம மைலாஞ்சி. என்னால ஆவாது.”

“கல்யாணம் இனியும் வரும். இது வருமா?”

பன்னிரண்டையும் இழுத்தாள். பசை தூக்கிய இடங்களைத் திராவகத்துக்குள்ளேயே விரலால் அமுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. “தண்ணி கலந்ததுதானட்டி, ஒண்ணும் செய்யாது” என்றான். திராவகத்தில் விட அவன் கையில் எப்போதும் குச்சி இருந்தது.

வெள்ளிக்கிழமை அவள் போனபோது விரல் நுனிகள் மஞ்சளாகித் தோல் உரிந்திருந்தன. புளி போட்டுத் தேய்த்தும் போகவில்லை. கல்யாண வீட்டுக்காரி கதீஜா உம்மாள் அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

“என்னட்டி இது, தீனமா?”

“இல்ல மாமி. ரேடியோப் பலக செய்ததுல.”

“அது ஒனக்க மாப்பிள செய்யுததுல்லா? ஊரு பூரா அவன்தான சொல்லிக்கிட்டு நடக்கான்.” பெண்கள் சிரித்தார்கள். கதீஜா உம்மாள் குரலைத் தாழ்த்தினாள். “கோவப்படாத மக்கா. புதுப்பொண்ணு கையாக்கும். நீ போயி சாப்பிடு.”

மணப்பெண்ணின் கையைக் கதீஜா உம்மாளின் மருமகள் பிடித்து மைலாஞ்சி இட்டாள். கோடு பிசிறியது, யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஹலீமா பீவி உட்கார்ந்து முழுச் சோற்றையும் தின்றாள். எழுந்து போனால் அதுவும் ஒரு பேச்சாகிவிடும்.

இரண்டு மாதத்தில் பகவதியப்பன் பலகைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். வால்வுகளின் சூட்டில் கோடுகள் பலகையை விட்டு எழும்பி நின்றன.

“நான் என்ன செய்யதுக்கு?” என்றான் செய்யது அலி. “கோடெல்லாம் போட்டது வீட்டுல அவளாக்கும்.”

கதவுக்குப் பின்னாலிருந்து ஹலீமா பீவி பேசினாள். “ஓம், கோடு எனக்க வேல. ஒண்ணாவது முறிஞ்சிருக்கான்னு பாருங்கோ. அரக்கு வச்சு ஒட்டுனது அவரு.”

பகவதியப்பன் ஒரு பலகையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “முறியல்ல” என்றார். சாக்கை அங்கேயே போட்டுவிட்டுப் போனார். செய்யது அலி எட்டு நாள் அவளோடு பேசவில்லை.

அந்த வருஷம் தெருவில் இன்னும் மூன்று நிக்காஹ் நடந்தன. மூன்றுக்கும் கதீஜா உம்மாளின் மருமகளைத்தான் அழைத்தார்கள். ஹலீமா பீவியின் விரல்கள் அதற்குள் தெளிந்திருந்தன. யாரும் கேட்டுப் பார்க்கவில்லை.