ஒன்பது வீட்டுத் திறப்புகள்

யூலை மாதத்தில் என் மருமகள் ஜெயமலர் நடந்து வந்தால் ஆளுக்கு முன்னால் சத்தம் வரும். அவளுடைய சட்டைப்பையில் ஒன்பது வீட்டுத் திறப்புகள், அதுதான் சாவிகள், கிடக்கும். ஒவ்வொரு திறப்பிலும் பழைய சேலையில் கிழித்த ஒரு துண்டு கட்டியிருப்பாள். சிவப்பு என்றால் மூன்றாம் மாடி. மயில் நீலம் என்றால் ஐந்தாம் மாடி. எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனாலும் எந்தத் திறப்பு எந்தக் கதவுக்கு என்று அந்த நிறங்களை வைத்து நானும் சொல்வேன். அவளைப் பற்றி நான் சொல்லச் சொல்ல, எழுதுகிறவர் நடுவில் திருத்தாமல் எழுதவேண்டும் என்று கேட்டுக்கொண்டுதான் தொடங்குகிறேன்.

பூம்ப்ளிஸ் என்கிற ஊரில் நாங்கள் இருப்பது எட்டு மாடிக் கட்டடம். யூலை பிறந்ததும் அது காலியாகிவிடும். இந்த நாட்டில் வருடத்தில் ஒருமுறை குடும்பத்தோடு வெளிநாடு போய்வருவது, நாங்கள் தலைக்கு எண்ணெய் வைத்து முழுகுவதைப் போல. பணக்காரர்தான் போவார்கள் என்றில்லை. பேருந்து ஓட்டுகிறவர் போகிறார், ரொட்டிக்கடையில் நிற்கிற பெண் போகிறாள், எங்கள் கட்டடத்துப் படிகளைக் கூட்டுகிற எலேனாவும் இத்தாலிக்குத் தன் தாய்வீட்டுக்குப் போகிறாள். போகாதவரைத்தான் என்ன சுகமில்லையா என்று விசாரிப்பார்கள்.

நான் வந்து சேர்ந்த முதல் யூலையில் எனக்கு இது தெரியாது. தொண்ணூற்றோராம் வருடம். காலையில் யன்னலால் எட்டிப் பார்த்தால் கார் கூரையில் பெட்டி கட்டுகிறார்கள், பிள்ளைகளைத் தலையணையோடு தூக்கி ஏற்றுகிறார்கள், ஒருவர் கூட்டிலே குருவியையும் கொண்டு ஓடுகிறார். ஒரு தெரு முழுவதும் இப்படிப் புறப்பட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று, ஷெல் அடிக்கிற ஊரில் இருந்து வந்த எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நான் என் பையில் இரண்டு சேலையும் பிரஷர் மாத்திரையும் வைத்துக்கொண்டு, சப்பாத்தையும் போட்டுக் கதவடியில் குந்திவிட்டேன். வேலையால் வந்த ஜெயமலர் பார்த்தாள்.

"என்ன மாமி, எங்கை வெளிக்கிட்டிட்டியள்?"

"எல்லாரும் ஓடுகினம். நீ என்ன ஆறுதலாய் வாறாய்? மகேந்திரனைக் கூப்பிடு!"

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மாமி, அவை லீவுக்குப் போகினம். மூண்டு கிழமையிலை திரும்பி வந்திடுவினம்."

நான் நம்பவில்லை. கார்கள் திரும்பி வந்து நின்ற பிறகுதான் சப்பாத்துப் போட்ட விஷயத்தை மறந்தேன். வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் அதே கதவைத் திறக்க வருவார்கள் என்பதை என் கண்ணால் கண்டது அந்த ஓகஸ்டில்தான்.

ஜெயமலர் காலையில் முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை. என் மகன் மகேந்திரன் உணவகத்தில் சமையலறை வேலை. யூலையில் அவனுக்கு நிமிர நேரமில்லை, கூட வேலை செய்கிற போர்த்துக்கல்காரர் எல்லாம் ஊருக்குப் போய்விடுவார்கள். எங்களுக்கு இருந்தது எஃப் விசா. அதை வைத்துக்கொண்டு இந்த நாட்டுக்குள் இருக்கலாம், வேலை செய்யலாம், எல்லை தாண்டக்கூடாது; தாண்டுவதற்கு பி விசா கிடைக்கவேண்டும். ஆகவே கட்டடத்தில் கோடை முழுவதும் அசையாமல் இருப்பவர்கள் நாங்கள்தான் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

முதலில், நான் வருவதற்கு முந்தின வருடமே, திறப்பைக் கொண்டுவந்து தந்தவர் மூன்றாம் மாடி ஸ்பிண்டன் அம்மா. தனி மனிசி, முன்னாள் பள்ளிக்கூட வாத்தியார். பல்கனியில் பெட்டி பெட்டியாகச் சிவப்பு ஜெரேனியம் வைத்திருப்பார். எந்த நாளில் எவ்வளவு தண்ணீர், பூனைக்கு எத்தனை கரண்டி என்று ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஜெயமலருக்கு அப்போது டொச், அதுதான் ஜெர்மன் மொழி, சரியாக வராது. அகராதியை வைத்து அந்தத் தாளைச் சொல் சொல்லாக உடைத்தாள். பிறகு, தான் செய்ததை அந்த வீட்டுக்காரி அறியவேண்டும் என்று தாளின் பின்பக்கத்தில் ஒவ்வொரு நாளும் திகதி போட்டு, தனக்கு வந்த டொச்சில் ஒரு வரி எழுதினாள். ஸ்பிண்டன் அம்மா திரும்பி வந்து அந்தத் தாளை எடுத்து, வாத்தியார் குணம் போகாமல், சிவப்புப் பேனையால் பிழை திருத்தி, கீழே கையெழுத்தும் வைத்துத் திருப்பித் தந்தார். ஜெயமலருக்கு வெட்கம் வரவில்லை. அடுத்த வருடம் மற்ற வீடுகளின் தாள்களிலும் அப்படியே எழுதி, அவற்றையும் ஸ்பிண்டன் அம்மாவிடம் கொண்டுபோய்த் திருத்துவித்தாள். அவள் டொச் படித்த பள்ளிக்கூடம் அதுதான். அத்தனை தாள்களும் ஒரு பிஸ்கட் பேணிக்குள் கிடந்தன. தாள்களை எறிந்துவிட்டு இடியப்ப உரலைப் பேணிக்குள் வைக்கலாம் என்று நான் எத்தனையோ தரம் சொன்னேன். நல்ல காலம் அவள் கேட்கவில்லை.

திரும்பி வருகிறவர்கள் வெறுங்கையோடு வரமாட்டார்கள். லைட் எரியும் படகு, முதுகில் ஈட்டி குத்தின கறுப்பு மாடு, சிப்பி ஒட்டின பெட்டி, துணியால் செய்த ஒட்டகம், விசிறி பிடித்த பொம்மை. எல்லாவற்றையும் துடைத்து ஷோகேசில் வைத்தோம். ஷோகேசைப் பார்த்தால் நாங்கள் உலகம் சுற்றினவர்கள்.

தொண்ணூற்றாறில் வினை வந்தது அந்த ஷோகேசால் என்று மகன் சொல்வான். என் வாயால் என்று ஜெயமலர் ஒருநாளும் சொல்லவில்லை. ஆனால் என் வாயால்தான்.

அந்த வருடம் ஆனி மாதம், ஒரு பெண்பிள்ளை பெரியவளானதற்குச் செய்த சாமத்திய வீட்டில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் பரமேஸ்வரி இருந்தாள். அட்லிஸ்வில்காரி. ஐம்பது வயது, என்னை ஆச்சி என்கிறாள். லண்டன் போனது, பாரிஸ் போனது, இந்த வருடம் கனடா போவது என்று சோறு ஆறும்வரை சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்கள் ஒரு இடமும் போறேல்லையோ ஆச்சி? பாவம், உங்கட ஆக்கள் உங்களை வீட்டுக்குள்ளையே வைச்சிருக்கினம்."

பாவம் என்ற சொல்லை அவள் சொல்லியிருக்கக்கூடாது.

"வந்து எங்கட ஷோகேசைப் பாரும் பிள்ளை," என்றேன். "அதிலை இல்லாத நாட்டைச் சொல்லும்."

அவள் சும்மா விடவில்லை, அடுத்த ஞாயிறே வந்தாள். நானும் சும்மா விடவில்லை. படகை எடுத்துக் காட்டினேன், மாட்டை எடுத்துக் காட்டினேன். ஸ்பெயினில் வெயில் எப்படி, கிரேக்கத்தில் கடல் எப்படி என்று ஸ்பிண்டன் அம்மா சொன்னதையெல்லாம் நான் போய் நின்று பார்த்ததுபோலச் சொன்னேன். ஜெயமலர் தேத்தண்ணீரோடு வந்து வாசலில் நின்று கேட்டுவிட்டாள். பரமேஸ்வரி போன பிறகு கதைத்தாள்.

"ஏன் மாமி அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"நான் போனதெண்டு சொல்லேல்லை. சாமான் இருக்கெண்டுதான் சொன்னன்."

"பி விசாவுக்கு எழுதிப் போட்டிருக்கிற நேரம் மாமி. ஆரும் கேட்டால்?"

"ஆர் கேக்கிறது? போய் வேலையைப் பார்."

கேட்டார்கள். எப்படிப் போய்ச் சேர்ந்தது, எத்தனை வாய் மாறியது, எனக்குத் தெரியாது. பரமேஸ்வரியைத்தான் எல்லாரும் சந்தேகப்பட்டார்கள். அவள் பெருமை பேசுவாள், கடிதம் எழுதமாட்டாள் என்று நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். யூலை நடுப்பகுதியில் விசா அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஜெயமலர் நின்றபடியே வாசித்துவிட்டுக் கதிரையில் இருந்தாள். நாங்கள் அனுமதி இல்லாமல் வருடாவருடம் வெளிநாடு போய்வருவதாகத் தகவல் வந்திருக்கிறதாம். இருபத்துநாலாம் திகதி வந்து விளக்கம் சொல்லட்டுமாம். அது உண்மை என்றால் பி விசா இல்லை, கையில் இருக்கிற எஃப் விசாவும் நிற்குமோ தெரியாது. அந்த வருடத்தில் ஊருக்குத் திரும்பிப் போ என்று ஒருவர் சொன்னால் எங்களுக்குப் போய் நிற்க வீடு இல்லை.

மகேந்திரன் தலையில் கை வைத்தான். "பக்கத்து வீட்டுக்காரர் ரெண்டு பேர் வந்து சொன்னால் காணும். நாங்கள் இஞ்சைதான் இருந்தனாங்கள் எண்டு."

சொல்வதற்கு யார் இருக்கிறார்கள்? ஒன்பது திறப்பும் எங்கள் வீட்டில். ஸ்பிண்டன் அம்மா அந்த வருடம் நோர்வேப் பக்கம் கப்பலில். எலேனாவின் தாய்வீட்டு டெலிபோன் இலக்கத்துக்கு எடுத்தால் யாரோ இத்தாலியனில் கத்திவிட்டு வைத்தார்கள். நாங்கள் ஒரு இடமும் போகவில்லை என்று சாட்சி சொல்லக்கூடிய ஆட்கள் எல்லாரும் வெளிநாடு போய்விட்டார்கள்.

"ஓகஸ்டுக்குத் தள்ளிக் கேப்பம்," என்றான் மகன்.

"தள்ளினால் பயந்திட்டம் எண்டு நினைப்பினம்," என்றாள் ஜெயமலர். அன்றும் அவள் மூன்றாம் மாடிக்குப் போய்ப் பூனைக்கு வைத்துவிட்டுத்தான் வந்தாள். நான் ஒன்பது நாளும் ஷோகேஸ் பக்கம் திரும்பவில்லை. அந்த மாட்டைக் குப்பையில் போட எடுத்தேன், அவள் பறித்து வைத்துவிட்டாள்.

இருபத்துநாலாம் திகதி அவள் பிஸ்கட் பேணியைப் பைக்குள் வைப்பதைக் கண்டேன். நானும் சேலை மாற்றினேன்.

"உங்களைக் கூப்பிடேல்லை அம்மா," என்றான் மகன்.

"கூப்பிடாட்டில் என்ன? பொய் சொன்னது நான். நான் இல்லாமல் என்ன விளக்கம்?"

அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஒரு நடுவயது மனிதர் இருந்தார். பக்கத்தில் மொழிபெயர்க்கச் சண்முகநாதன் என்று ஒரு தமிழ்ப் பிள்ளை. ஜெயமலர் தானே டொச்சில் கதைத்தாள். மொழிபெயர்ப்பு எனக்குத்தான் தேவைப்பட்டது.

அவள் பேணியைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். அவர் முன்பக்கத்தைப் பார்த்தார்.

"இது அந்த வீட்டுக்காரர் போனதைச் சொல்லுது. நீங்கள் இருந்ததை எப்படிக் காட்டும்?" என்று கேட்டதாகச் சண்முகநாதன் எனக்குச் சொன்னார்.

"மற்றப் பக்கம்," என்றாள் அவள்.

அவர் திருப்பினார். வாசிக்க வாசிக்க அவருடைய வாய் ஒரு பக்கமாகப் போனது. சண்முகநாதன் எட்டிப் பார்த்து எனக்குக் காதுக்குள் சொன்னார். "திங்கள். பூனை சாப்பிட்டது. செவ்வாய். பூனை சாப்பிடவில்லை, நான் மீன் கொடுத்தேன், மன்னிக்கவும். புதன். ஒரு பூ செத்துவிட்டது, அது என் பிழை இல்லை." ஒவ்வொரு வரிக்கும் திகதி. ஒவ்வொரு பிழைக்கும் மேலே சிவப்பு மை. கீழே ஸ்பிண்டன் அம்மாவின் கையெழுத்து. ஒரு தாளின் அடியில் அவர் எழுதியிருந்தாராம்: பூக்களோடு தமிழிலும் கதைக்கலாம், அவை நன்றாக வளர்ந்திருக்கின்றன.

அவர் அடுத்த தாளை எடுத்தார், அதற்கடுத்ததை எடுத்தார். தொண்ணூறு, தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றிரண்டு என்று மேசையில் வரிசையாக வைத்தார். ஒரு யூலையும் விடுபடவில்லை. அப்போதுதான் ஜெயமலர் திறப்புகளையும் எடுத்து மேசையில் வைத்தாள். "இந்த வருடத்தின் தாள்கள் இன்னும் அந்தந்த வீடுகளில்," என்றாள்.

அவர் திறப்புகளைப் பார்த்தார், சேலைத் துண்டுகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"குடும்பம் வெளிநாடு போனதெண்டு நீங்கள் ஆருக்கும் சொன்னனீங்களோ எண்டு கேக்கிறார். அம்மா, கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்கோ," என்றார் சண்முகநாதன்.

"தம்பி, நான் சொல்லுறதைக் குறைக்காமல் சொல்லும். ஓம், சொன்னன். பொய் சொன்னன். இந்த நாட்டிலை ஆரைக் கேட்டாலும் இந்த முறை எங்கை போறியள் எண்டுதான் கேக்கினம். எங்கட சனமும் இப்ப அப்பிடித்தான் கேக்குது. ஒவ்வொரு முறையும் இல்லை, இல்லை எண்டு சொல்ல எனக்கு அலுத்துப் போச்சு. ஒருக்கால் ஓம் எண்டு சொல்லிப் பாத்தன். பிழை என்ரை. பிள்ளையளை ஒண்டும் செய்யவேண்டாம் எண்டு சொல்லும்."

சண்முகநாதன் குறைக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் நீளமாகத்தான் சொன்னார். அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை மறைக்கத்தான் துடைத்தார், எனக்குத் தெரியாதா? தானும் சனிக்கிழமை குடும்பத்தோடு புறப்படுவதாகவும், தன் வீட்டுப் பூக்களுக்கு யாரும் இப்படி ஒரு வரி எழுதினதில்லை என்றும் சொன்னாராம். தாள்களைப் பிரதி எடுத்துக்கொண்டு, பேணியைத் தானே மூடித் தந்தார். இந்த விஷயம் இத்தோடு முடிந்தது, விண்ணப்பம் தடையில்லாமல் போகும் என்றார். ஐப்பசியில் பி விசா வந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கேட்கவேண்டாம்.

வெளியே வந்து நின்றோம். மகேந்திரன் மதிற்கரையில் குந்தி முகத்தைத் துடைத்தான், வேர்வைதான் என்றான். ஜெயமலர் என் கையைப் பிடித்தாள். என்னைத் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"ஐயோ மாமி, மூண்டாம் மாடிப் பூக்கண்டு! காலமை தண்ணி விடேல்லை."

பேருந்தில் ஏறி வந்தோம். வீட்டுக்கு வராமல் நேரே சிவப்புத் துண்டுத் திறப்பால் ஸ்பிண்டன் அம்மாவின் கதவைத் திறந்து பல்கனிக்குப் போனோம். வெயிலில் மண் வெடித்துக் கிடந்தது. வழக்கமாக அவள் கோப்பையால் சொட்டுச் சொட்டாகத்தான் விடுவாள். ஒரு துளி கீழே விழுந்தால் இரண்டாம் மாடி மனிசன் எட்டிப் பார்த்துக் கத்துவார். அன்று நான் வாளியோடு தூக்கினேன்.

"மாமி, தண்ணி கீழை விழும்!"

"ஆர் தலையிலை விழும்? அந்தாள் ஸ்பெயினிலை. கீழ் வீட்டுக்காரி கிரீஸிலை. வந்து கத்தச் சொல்லு பாப்பம்."

அவள் ஒரு கணம் கீழே எட்டிப் பார்த்தாள். பிறகு மற்ற வாளியை நிரப்ப உள்ளே ஓடினாள். ஜெரேனியம் பெட்டிகள் நிரம்பி வழிந்து, இரண்டாம் மாடி, முதலாம் மாடி எல்லாம் நனைந்து, கீழே காலியாகக் கிடந்த கார் நிறுத்துமிடத்தில் தண்ணீர் ஓடியது.