இஸ்திரிக் கடைச் சாட்சி

என் தங்கை புருஷனைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லியே ஆக வேண்டுமென்றால், அவர் இஸ்திரி போட்ட சட்டையில் சுருக்கம் இருக்காது. அத்தோடு நல்லது தீர்ந்தது.

கடை போலீஸ் ஸ்டேஷனுக்கு நேர் எதிரே. ஸ்டேஷன் சீருடைகள் அவ்வளவும் அவர் மேசைக்குத்தான் வரும். ஒரு வீட்டைச் சோதனை போட்டால், வெளியாள் ஒருவர் கூட இருந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. வெளியாளைத் தேடி அலைய ஸ்டேஷனுக்கு என்ன தலையெழுத்தா? சீருடை வாங்க வருகிற கான்ஸ்டபிளே தாளையும் கொண்டுவந்துவிடுவார். மாப்பிள்ளை இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவார். எந்தத் தெருவில் சோதனை என்றுகூடக் கேட்க மாட்டார். கோர்ட்டில் கூப்பிட்டால் போய், சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்துவிட்டு வருவார்.

நான் வக்கீல் குமாஸ்தா. இந்தக் கூத்து எனக்குத் தெரியாமல் போகுமா? ஒருநாள் கடைக்கே போய்க் கேட்டேன்.

"ஏன் மாப்பிள்ளை, போகாத வீட்டுக்குப் போனேன்னு சொல்றீங்களே, கூச்சமா இல்லையா?"

"நான் போடலைன்னா வேற எவனாவது போடப்போறான் மச்சான். ஸ்டேஷனைப் பகைச்சுக்கிட்டு இந்த இடத்துல கடை நடத்த முடியுமா?"

அப்படி ஒப்பித்த கதைகளில் ஒன்று ஒரு பள்ளிக்கூட வாத்தியாருடையது. அவர் அரசாங்கத்தைத் திட்டிக் கூட்டங்களில் பேசுகிறவர். நீதிபதியின் உத்தரவு எதுவும் இல்லாமல் அவர் வீட்டுக்குள் புகுந்த போலீஸ், கட்டிலுக்கு அடியில் தடை செய்யப்பட்ட துண்டறிக்கைகள் கிடைத்ததாகச் சொன்னது. மாப்பிள்ளை கூண்டில் ஏறி, ஜன்னல் திரை பச்சை நிறம், மேசைமேல் பாதி குடித்த காப்பி என்று வர்ணித்தார். வாத்தியார் வீட்டு வாசற்படியை அவர் மிதித்ததே கிடையாது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வீட்டின் தனிமை அரசியல் சாசனம் தந்த உரிமை, அதில் யாரும் கை வைக்கக்கூடாது என்று நீதிபதிகள் பக்கம் பக்கமாக உருகினார்கள். உருகி முடித்து, அவசர நேரத்தில், சார்பில்லாத சாட்சி ஒருவர் நிஜமாகவே உடன் இருந்தால், உத்தரவு இல்லாமல் நுழைந்தாலும் உரிமை மீறப்பட்டதாகாது என்று எழுதினார்கள். சாட்சிக்குப் பாராட்டு வேறு: உழைத்துப் பிழைக்கும் இந்த எளிய மனிதர் பொய் சொல்ல எந்தக் காரணமும் இல்லையாம். காரணம் அவர் கடைக்கு எதிர்வரிசையில் லத்தியோடு உட்கார்ந்திருந்தது. நீதிபதிகள் எழுந்து ஒருமுறை அந்தத் தெருவில் நடந்திருந்தால் பார்த்திருப்பார்கள்.

வாத்தியார் சிறைக்குப் போனார். மாப்பிள்ளை அந்தப் பத்திரிகைச் செய்தியைக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டினார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "பெரிய கோர்ட்டே என்னைப் பத்தி எழுதியிருக்கு" என்று பீற்றிக்கொண்டார்.

மாப்பிள்ளைக்கு வயதான பிறகு கையெழுத்து வேலை பக்கத்து சைக்கிள் கடைக்காரனுக்குப் போனது. அந்தச் சமயத்தில்தான் அவருடைய மகள், தையல் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவள், அங்கே சங்கம் கட்ட ஆரம்பித்தாள். ஒருநாள் காலை போலீஸ் வீட்டுக்குள் நுழைந்தது. அவள் துணிப்பெட்டியில் துண்டறிக்கைக் கட்டு கிடைத்ததாம். அவளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். உடன் இருந்த சாட்சி? சைக்கிள் கடைக்காரன். அவனோ அந்த நேரத்தில் மாப்பிள்ளையின் கண் முன்னால் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான்.

எங்கள் வக்கீல் மாப்பிள்ளையிடம் விளக்கிச் சொன்னார். "வீட்ல இருந்த அம்மா சொன்னா பெத்த பாசம்னு தள்ளிடுவாங்க. அந்தப் பழைய தீர்ப்பை வச்சுத்தான் நம்மை அடிப்பாங்க. ஆனா சாட்சி நிஜமா உடன் இருக்கணும்னு அதுலயே இருக்கு. சைக்கிள் கடைக்காரர் கடையிலதான் இருந்தார்னு நீங்க சொல்லணும். ஸ்டேஷன் வழக்கமே இதுதான், நானும் இப்படித்தான் கையெழுத்துப் போட்டேன்னு அதையும் ஒத்துக்கணும். பொய்ச்சாட்சின்னு உங்க மேல கேஸ் வரலாம்."

"எம் பொண்ணுக்காக உயிரையே குடுப்பேன் சார்" என்றார் மாப்பிள்ளை. உயிரை யார் கேட்டது?

விசாரணை நாளில் தும்பைப்பூ மாதிரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பின்வரிசையில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். அவர் உடம்பிலிருந்த சீருடையும் மாப்பிள்ளை கைவண்ணம்தான். கூண்டில் ஏறியதும் மாப்பிள்ளை பார்த்தது மகளை அல்ல, அந்தச் சீருடையை.

சைக்கிள் கடைக்காரர் அன்று காலை எங்கே இருந்தார் என்று எங்கள் வக்கீல் கேட்டார்.

"சரியா கவனிக்கலைங்க."

"பக்கத்துக் கடைதானே?"

"வேலை மும்முரத்துல இருந்தேங்க."

அரசு வக்கீல் சிரித்துக்கொண்டே எழுந்தார். "வாத்தியார் வழக்குல நீங்க சொன்ன சாட்சி உண்மைதானே?"

"உண்மைதாங்க ஐயா. பச்சைத் திரை, மேசை மேல காப்பி..."

கேட்காமலே எடுத்துவிட்டார். போகாத வீட்டின் திரைச்சீலை நிறம் மறக்கவில்லை; பக்கத்துக் கடையில் கண்ணால் பார்த்தது மறந்துவிட்டது. நீதிபதி பழைய தீர்ப்பை வாசித்தார், உரிமை மகத்தானது என்று அவர் பங்குக்கு ஒரு பெருமூச்சு விட்டார், சோதனை செல்லும் என்றார். மகள் சிறைக்குப் போனாள். என் தங்கை அன்றோடு புருஷனிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

மாப்பிள்ளை அடுத்த நாளே கடை திறந்தார். கண்ணாடி போட்ட செய்தி அதே ஆணியில் தொங்குகிறது.

நான் சிறையில் மகளைப் பார்க்கப் போனபோது, அவளுடைய உடுப்புகளை இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் என்னிடம் கொடுத்தனுப்பினார். "நான் குடுத்தேன்னு சொல்லுங்க மச்சான்" என்றார். சொன்னேன்.

அடுக்கின் மேலே இருந்த சட்டையை அவள் எடுத்து விரித்துப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் பிடித்து, துணி துவைக்கிற மாதிரி கசக்கினாள். அடுத்ததையும் கசக்கினாள். ஒன்றையும் விடவில்லை.

"இப்போ போட்டுக்கலாம் மாமா" என்றாள்.