மரத்துப்போன கையில் ஒரு குதிரையின் மூச்சு

83 ஆடிக் கலவரத்தில் கொழும்பில் தம்பியை எரித்துப்போட்டார்கள் என்ற செய்தி பனிநாட்டில், மல்வேர்னில் இருந்த என் அறைக்கு வந்தது. நான் அழவில்லை. சோறு சாப்பிட்டேன், பஸ் ஏறினேன், வேலைக்குப் போனேன். மூன்று வருடம் அப்படியே போனது. முருகன் படத்துக்கு முன்னால் நின்றால் சுவருக்கு முன்னால் நிற்பது போலத்தான் இருக்கும்.

ஒஷாவாப் பக்கம் ஒரு பண்ணையில் குதிரை லாயம் கழுவினேன். ஆட்களோடு பேசத் தேவையில்லாத வேலை. கல்லூரியில் குதிரை பழக்கவும் குதிரை வியாபாரம் நடத்தவும் படித்து முடித்தால் லாயத்தையே உன் பொறுப்பில் தருகிறேன் என்றார் பண்ணைக்காரர். நாற்பது வயதில் புத்தகம் தூக்கினேன். தீவனச் செலவு, காப்புறுதி, ஏலம், எல்லாம் எழுதிப் பாஸ். குதிரைதான் என்னைப் பாஸ் பண்ணவில்லை. பழகாத குட்டிக்குத் தலைக்கயிறு போட வேணும். நான் கிட்டப் போனாலே காதை மடக்கிக்கொண்டு ஓடும்.

"நீ மூச்சே விடுறாயில்லை," என்றார் ஆசிரியை. "மூச்சடக்கி நிற்கிறவனைப் பார்த்தால், பாயப்போற மிருகம் எண்டுதான் குதிரை நினைக்கும்."

கடைசிச் சோதனை கந்தசஷ்டிக்குள் வந்தது. தவறினால் படிப்பும் இல்லை, லாயமும் இல்லை. பழக்கதோஷத்தில் விரதம் பிடித்திருந்தேன். அறையில் கூட இருந்த சிவமண்ணை சிரித்தார்.

"எடேய், ஒரு வாய் பாலாவது குடிச்சிட்டுப் போ. விரதக்காரனைக் குதிரை உதைச்சால் முருகனுக்கெல்லோ கெட்ட பேர்!"

"அவர் மயில்காரர் அண்ணை. குதிரையைப் பற்றி அவருக்கென்ன தெரியும்?"

வட்ட வேலிக்குள் குட்டி சுற்றிச் சுற்றி ஓடியது. எனக்குப் பயமுமில்லை, ஆசையுமில்லை. அதுதான் பயங்கரம். முருகா, பாஸ் கிடக்கட்டும், இந்தக் கையில் கொஞ்சம் உயிரைத் தா என்று கேட்டேன். பிறகு, விரதத்தில் உருப்போடுகிற மாதிரி, சரவணபவ என்று ஒவ்வொரு எழுத்தாய் வாயால் விட்டேன். எழுத்தோடு மூச்சும் வெளியே போனது.

குட்டி நின்றது. ஒரு காது என் பக்கம் திரும்பியது. நடந்து வந்து என் உள்ளங்கையில் மூச்சு விட்டது. சூடு. கயிற்றைப் போட்டேன். அப்போதுதான் விரல்கள் குளிரில் நோவது தெரிந்தது.

"பாஸ் பண்ணிட்டாய். ஏன் அழுகிறாய்?"

"கை நோகுது, மிஸ்."

இன்று லாயம் என் பொறுப்பில். தம்பியின் பெயரை வாய்விட்டுச் சொல்ல முடிகிறது. முழுதாய் உருகிவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். பாதி இன்னும் கல்லுத்தான். இண்டைக்குக் கோயிலில் கூடியிருக்கிற அடியார்களே, மனம் உருகட்டும், பிறகு கும்பிடுவம் என்று காத்திருக்காதேங்கோ. கல்லோடேயே வாங்கோ. உருகாத வாயால் கூப்பிட்டாலும் அவனுக்குக் கேட்கும்.