கண்ணாடிக்குள் பூசணம்

பக்கத்து வீட்டு கவிதா கல்லூரிக்கு ஒரு குறும்படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். பகுதி நேர வேலையில் சேர்த்த பணம் புதுக் கேமராவுக்குப் போதாது. பழையது பார்க்கலாம் என்று கிள்ளான் நகரத்தில் ஒரு கடைக்கு என்னையும் துணைக்குக் கூட்டிப்போனாள்.

கடைக்காரர் காட்டிய கேமராவின் கண்ணாடிக்குள் வெள்ளையாய், நூல் நூலாய் ஏதோ தெரிந்தது. ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நான் சொன்னால் சிரிப்பார்களே என்று பேசாமல் நின்றேன். கவிதா பணத்தை எடுத்ததும் மனசு கேட்கவில்லை.

“உள்ளே பூசணம் மாதிரி இருக்கும்மா. கண்ணாடி போட்டு மாட்டின என் வீட்டுக்காரர் போட்டோ இப்படித்தான் கெட்டுப்போச்சு” என்றேன்.

“தூசி லா ஆன்டி, துடைச்சா போயிடும்” என்றார் கடைக்காரர்.

கவிதா கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்தாள். பூசணமேதான்! “தப்பிச்சேன் பாட்டி, படமே புகை மூட்டமா வந்திருக்கும்” என்றாள். வேறு கடையில் சின்னதாய் ஒன்று வாங்கினோம்.

இப்போதும் கூச்சம்தான். ஆனால் கண்ணில் பட்டதைப் பணம் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்.